கவலையில் பங்கு கேளுங்கள்

ஐப்பசி மாதம் காஞ்சிபுரத்து நெசவாளருக்கு ஒரே நேரத்தில் இரண்டு முகம் காட்டும். தீபாவளிக்கும் அடுத்து வரும் தை முகூர்த்தங்களுக்கும் சேலை கேட்டுக் கடைக்காரர்கள் நெருக்குவது அப்போதுதான். வடகிழக்குப் பருவமழை வந்து தறியை நிறுத்துவதும் அப்போதுதான். நகரின் பிள்ளையார்பாளையத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் குழித்தறிகள். தரையில் இரண்டு மூன்று அடிக்குப் பள்ளம் தோண்டி, அதன் விளிம்பில் நெசவாளர் உட்கார்ந்து, கால்களைப் பள்ளத்துக்குள் விட்டு மிதிகட்டையை மிதிப்பார். நாலு நாள் அடைமழை பிடித்தால் அந்தக் குழியில் தண்ணீர் ஊறும். இறைத்துக் கொட்டினாலும் ஈரம் போகாது. தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு தொய்ந்து இழை அறுந்துகொண்டே இருக்கும். புதுப் பாவுக்குக் கஞ்சி போட்டுக் காயவைக்கலாம் என்றால் வெயில் கிடையாது.

தறி ஓடாத நாளுக்குக் கூலியும் கிடையாது. நெய்து முடித்த சேலைக்குத்தான் கூலி. வட்டிக்காரருக்கோ, பள்ளிக் கட்டணத்துக்கோ, மளிகைக் கடைக் கணக்குக்கோ மழை விடுமுறை இல்லை.

இப்படி நனைந்த தறிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம், "கவலைய விடுங்கண்ணா, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். சொன்னவருக்கு ஒரு கடமை முடிந்த மாதிரி இருக்கும். கேட்டவரின் கணக்கில் ஒரு ரூபாய் கூடக் குறைந்திருக்காது. கெட்ட காலம் வரும்போதெல்லாம் நம் ஊரில் அறிவுரை மலிந்துவிடுகிறது. மனதைத் திடமாக வைத்துக்கொள், நல்லதையே நினை, நடப்பது நடக்கும் என்று வாட்ஸ்அப்பில் விடிகாலையிலிருந்தே வரிசை கட்டுகின்றன. கவலை என்பது கவலைப்படுகிறவரின் குணக்கோளாறு என்ற எண்ணம் இந்த வாசகங்களுக்குள் ஒளிந்திருக்கிறது.

காஞ்சிபுரத்தின் கதை வேறு ஒன்றைச் சொல்கிறது. இந்த ஊர் பஞ்சத்தையும் வெள்ளத்தையும் போரையும் பார்த்த ஊர். 1780இல் ஹைதர் அலியின் படை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை வென்ற பொள்ளிலூர் போர்க்களம் இதன் அருகில்தான் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் மக்களின் கவலை குறைந்த வேளைகளைத் தேடிப் பார்த்தால், அங்கே வேறு யாரோ ஒருவர் அந்தக் கவலையில் ஒரு பங்கை வாங்கித் தன் தலையில் ஏற்றியிருப்பார். கவலையை விடுவதும் கருணை காட்டுவதும் தனித்தனிக் காரியங்கள் என்று நாம் நினைக்கிறோம். ஒருவர் காட்டும் கருணையால்தான் இன்னொருவர் கவலையை விட முடிகிறது என்பதே இந்த ஊரின் அனுபவம்.

முதல் சாட்சி இலக்கியத்தில் இருக்கிறது. சீத்தலைச் சாத்தனாரின் 'மணிமேகலை'யில், காஞ்சி மாநகர் மழையின்றிப் பசியால் வாடுகிறது. மணிமேகலை அப்போது வஞ்சி நகரில் பல சமயவாதிகளிடம் அவரவர் தத்துவத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். காஞ்சியின் நிலை காதில் விழுந்ததும், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியோடு அங்கே போகிறாள். மொழி, குலம், உடற்குறை எதையும் பாராமல் வந்தவர்க்கெல்லாம் சோறிடுகிறாள். பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் அவள் முறையாக அறம் கேட்பது அதன் பிறகுதான். காப்பியத்தின் இந்த வரிசை கவனிக்க வேண்டியது. ஊர் பசித்திருக்கும்போது அவள் தத்துவம் பேசவில்லை. முதலில் சோறு, அப்புறம் உபதேசம். இன்றைக்கு நாம் செய்வது பெரும்பாலும் தலைகீழ்.

பட்டு நெசவு என்ற தொழிலே தனி ஆளால் ஆகிற காரியம் இல்லை. இதை நேரில் பார்க்க விரும்புபவர்கள் மழை இல்லாத மாதத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில் நெசவாளர் தெரு ஒன்றுக்குப் போக வேண்டும். தெருவின் நீளத்துக்குப் பாவு இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு பாவு என்பது வழக்கமாக மூன்று சேலைக்கான நூல். ஏறக்குறைய இருபது மீட்டர் நீளத்துக்கு ஆயிரக்கணக்கான பட்டு இழைகள், ஒவ்வொன்றும் தலைமுடியை விட மெல்லியவை. இரண்டு முனையிலும் ஆள் நின்று இழுத்துப் பிடிக்க வேண்டும். நடுவில் சிலர் கஞ்சி தடவி, சிக்கெடுத்து, அறுந்த இழையைத் தேடி இரண்டு விரலால் முறுக்கி ஒட்டுவார்கள். வெயில் ஏறினால் இழை விறைத்துவிடும், வண்டிகளும் வரத் தொடங்கிவிடும். அதற்குள் முடித்துப் பாவை உருட்டியாக வேண்டும்.

அங்கே கை கொடுக்க வந்தவர்களில் பாதிப் பேர் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். இன்றைக்கு இவர்கள் வீட்டுப் பாவு, அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பாவு. யாரும் இதைத் தர்மம் என்று சொல்லிக்கொள்வதில்லை. வராமல் இருந்தால்தான் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

தறிக்குள் போனாலும் அதே கதைதான். காஞ்சிப் பட்டின் அடையாளமான கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளர் ஒரு பக்கம் இருந்து நெய்ய, மறுபக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் கூட உட்கார வேண்டும். நாடாவுக்கான தார் சுற்றுவது வீட்டுப் பெண்களும் பெரியவர்களும். முந்தானையைச் சேலையோடு பிணைக்கிற பிட்னி வேலை பொறுமைக்கே சோதனை. வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளோ ஒரு மாதமோ கழித்துச் சேலை தறியை விட்டு இறங்கும்போது, அதில் ஐந்தாறு பேரின் கை பட்டிருக்கும். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டு என்பது நடைமுறையில் இந்தக் கூட்டுறவுக்குக் கிடைத்த பெயர்தான்.

இந்த ஒத்தாசை வீட்டுக்குள்ளும் தெருவுக்குள்ளும் நிற்கும்வரை பழக்கம். அது ஊரையும் நாட்டையும் எட்டும்போது என்ன நடக்கும் என்பதற்கு 1953 நல்ல உதாரணம். மில் துணியோடு போட்டி போட முடியாமல் சென்னை மாகாணமெங்கும் கைத்தறித் துணி தேங்கி, நெசவாளர் குடும்பங்கள் பட்டினிக்கு வந்த காலம் அது. காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அண்ணா, கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து திருச்சித் தெருக்களில் கூவி விற்றார். அவருடைய கட்சிக்காரர்களும் மாநிலமெங்கும் துணி மூட்டையோடு இறங்கினார்கள். அப்போது முதலமைச்சராக இருந்த ராஜாஜி அரசியலில் அவருக்கு நேர் எதிர். அந்த ராஜாஜிதான், வேட்டி, சேலை உற்பத்தியைக் கைத்தறிக்கே ஒதுக்குங்கள் என்று மத்திய அரசிடம் விடாமல் வாதாடினார். அதே ஆண்டு மில் துணி மீது சிறு தீர்வை விதித்து, அந்தப் பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் திருப்பிவிடும் சட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது.

ஒருவரை ஒருவர் மேடையில் கிழித்துக்கொண்ட இரண்டு தரப்பும் நெசவாளர் விஷயத்தில் தத்தமது வழியில் ஒரே பக்கம் இழுத்தன. யாரும் யாரிடமும் கவலைப்படாதே என்று சொல்லவில்லை. தேங்கிய சரக்கை விற்றார்கள், ஒதுக்கீடு கேட்டார்கள், நிதிக்கு வழி செய்தார்கள்.

1983இல் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்த பொங்கல் இலவச வேட்டி சேலைத் திட்டத்தின் அடிப்படையும் இதுதான். ஏழைக்குப் பண்டிகைத் துணி, அதை நெய்பவருக்கு வேலை. ஒரே செலவில் இரண்டு வீட்டுக் கவலைக்கு மருந்து. நடைமுறையில் அத்திட்டத்தின் பெரும்பகுதி பின்னாளில் விசைத்தறிக்குப் போய்விட்டது என்ற குறை உண்டு. ஆனாலும், கொடுப்பவர் கை மேலும் வாங்குபவர் கை கீழும் இல்லாத உதவியை ஓர் அரசால் யோசிக்க முடியும் என்பதற்கு அது சான்று.

இதற்கு நேர்மாறான காட்சியும் தமிழர்களுக்கு மறந்திருக்காது. 2002 வாக்கில் நெசவாளர் பட்டினி அரசியல் பிரச்சினையானபோது கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. அதற்குப் போட்டியாகப் பிரியாணி போடப்பட்டது. பசித்தவர் வயிறு அன்றைக்கு நிறைந்திருக்கலாம். ஆனால் கஞ்சிக்கும் பிரியாணிக்கும் நடுவில் நெசவாளர் ஒரு காட்சிப் பொருளாக நின்றார். பந்தல் பிரிக்கப்பட்ட மறுநாள் அவர் வீட்டுக் கணக்கு அதே இடத்தில்தான் இருந்தது. வாங்குபவரை வரிசையில் நிறுத்திப் படமெடுக்கும் உதவிக்கும், விடிகாலையில் பாவு பிடிக்க வந்து நிற்கும் உதவிக்கும் உள்ள வித்தியாசத்தை நெசவாளர் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பகிரப்படாத கவலை என்ன ஆகும்? அது கரைந்து போவதில்லை, கீழே இறங்கும். வீட்டிலேயே பலம் குறைந்தவர் தலையில் போய் உட்காரும். காஞ்சிபுரம் இதைக் கசப்போடு கற்றுக்கொண்டது. பாவு கொடுத்து நெய்து வாங்கும் மாஸ்டர் வீவர்களிடம் வாங்கிய முன்பணத்தைக் கழிக்க முடியாத குடும்பங்கள் பிள்ளைகளைத் தறிக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. கோர்வைத் தறியில் மறுபக்கம் நாடா தள்ள உட்கார்ந்தவர்களில் பலர் பள்ளி போக வேண்டிய குழந்தைகள். பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரத்தின் பெயரும் இருந்தது. அப்பா பட்ட கடனுக்கு எட்டு வயதுப் பிள்ளை கவலைப்பட்டது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

அந்த நிலை இன்று பெருமளவு மாறியிருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் சட்டத்தோடு சேர்த்துப் பல வருட உழைப்பு இருக்கிறது. தொண்டு நிறுவனங்கள் வீடு வீடாக ஏறி இறங்கின. மாவட்ட நிர்வாகம் சோதனை நடத்தியது. இடையில் படிப்பை விட்டவர்களுக்கு இணைப்புப் பள்ளிகள் நடந்தன. கதவைத் தட்டி, திட்டு வாங்கி, மறுபடி மறுநாள் தட்டிய ஆசிரியைகளின் பொறுமைக்கு ஊர் பட்ட கடன் பெரிது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2015 நவம்பர், டிசம்பரில் பெய்த மழையில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. அந்த மாவட்டத்தில் இருந்த தாம்பரத்திலும் செம்பரம்பாக்கத்திலும் டிசம்பர் முதல் நாளையொட்டி ஒரே நாளில் 47 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. காஞ்சி நகரின் வேகவதி ஆற்றங்கரையிலும் வெள்ளம் புகுந்தது. சென்னையில் மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து மாடியில் சிக்கியவர்களை இறக்கினார்கள். அவர்கள் வீட்டிலும் அன்றைக்கு உலை கொதித்திருக்காது. முன்பின் தெரியாதவர்களுக்குப் பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் கல்யாண மண்டபங்களும் திறந்தன. அந்த மழை நாட்களில் மக்கள் பயந்தார்கள், அழுதார்கள். ஆனால் பரபரப்பாக ஏதாவது செய்துகொண்டிருந்தவர்களுக்குப் பயப்பட நேரம் குறைவாகவே இருந்தது.

2019இல் வந்தது வேறு மாதிரி வெள்ளம். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை கோயில் குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதரைத் தரிசிக்க, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்களில் சுமார் ஒரு கோடிப் பேர் இந்தச் சின்ன ஊருக்கு வந்தார்கள். நெரிசலில் உயிரிழப்பும் நேர்ந்தது. வரிசையில் பல மணி நேரம் நின்று சோர்ந்தவர்களுக்குத் தெருவாசிகள் தண்ணீரும் மோரும் கொடுத்தார்கள், திண்ணையில் உட்கார இடம் விட்டார்கள். போக்குவரத்து மாற்றத்தால் தங்கள் அன்றாடம் குலைந்துபோயிருந்த நேரத்தில்தான் இதைச் செய்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்கு அடுத்த ஆண்டு கொரோனா ஊரடங்கு. 2020 மார்ச் 25இலிருந்து கல்யாண மண்டபங்கள் மூடின. பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தங்களை நம்பி நெய்து வைத்த சேலைகள் அலமாரியில் உறங்கின. அந்த ஆண்டு ஜூலையில், கைத்தறியாளர்களின் குரல் ஒலிக்க இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையும் மத்திய அரசு கலைத்துவிட்டது. மறு ஆண்டு இரண்டாம் அலையில், 2002இல் தொடங்கிய கோயில் அன்னதானத் திட்டத்தின் சமையல் கூடங்களிலிருந்து உணவுப் பொட்டலங்கள் மருத்துவமனைகளுக்குப் போயின. நோயாளியோடு துணைக்கு வந்து, வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்கு அந்தப் பொட்டலம் பசியை மட்டும் போக்கவில்லை. எங்கே போய்ச் சாப்பாடு வாங்குவது, அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்ற தவிப்பையும் சேர்த்தே போக்கியது.

பெருந்தொற்றின் முதல் ஆண்டில் உலக அளவில் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடின என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. அந்த ஆண்டுகளில் இன்னொரு எண்ணும் கூடியது. முன்பின் தெரியாதவருக்கு உதவுவது, நன்கொடை கொடுப்பது, தன்னார்வப் பணி செய்வது ஆகியவை பெருந்தொற்றுக்கு முந்தைய அளவைவிட ஏறக்குறைய கால் பங்கு அதிகமாக இருப்பதாக 2023ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை கூறியது. கவலை மிகுந்த காலத்தில் மனிதர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்ற பயத்துக்கு இது பதில்.

உதவுகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் வட்டாரத்தில் 846 பேரை ஐந்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றை மைக்கேல் பூலினும் சகாக்களும் 2013இல் வெளியிட்டார்கள். நோய், வேலையிழப்பு, பொருள் நஷ்டம் போன்ற அடிகளை வாங்கியவர்களில், பிறருக்கு உதவாமல் இருந்தவர்களுக்கு மரண அபாயம் கூடியிருந்தது. உதவியவர்களிடம் அந்தத் தொடர்பு தென்படவில்லை. உதவி என்று அவர்கள் கணக்கிட்டவை பெரிய தான தர்மங்கள் இல்லை. வண்டியில் கூட்டிப் போவது, கடைக்குப் போய் வருவது, வீட்டு வேலையில் கை கொடுப்பது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது இவ்வளவுதான். ஓர் ஆய்வை வைத்து ஆயுளுக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆனால் பாவு பிடிக்கப் போகிற எதிர்வீட்டுக்காரருக்கும் அதில் ஏதோ லாபம் இருக்கிறது என்று நம்ப இடமிருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நெசவாளர் கேட்பது கருணையையா? கூலி உயர்வையும், நூலுக்கும் ஜரிகைக்கும் நியாய விலையையும், போலிப் பட்டுக்குத் தடையையும்தானே? இதில் அன்பு, ஆறுதல் என்று பேசுவது அரசின் பொறுப்பை மூடி மறைக்கிற வேலை இல்லையா?

மறுப்பில் உண்மை இருக்கிறது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழ். தங்கம் 2025 அக்டோபரில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியபோது, வெள்ளியும் தங்கமும் சேர்ந்த ஜரிகையின் விலையும் கூடவே ஏறியது. சேலை விலை ஏறினால் வாங்குபவர் பின்வாங்குவார். அவர் பின்வாங்கினால் முதலில் நிற்பது தறி. கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று 1985இலேயே சட்டம் வந்துவிட்டது. சூரத்திலிருந்து வரும் சேலையும் விசைத்தறிச் சேலையும் காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விற்பது இன்றும் நிற்கவில்லை. இவற்றையெல்லாம் மோர்ப்பந்தல் வைத்துத் தீர்க்க முடியாது.

ஆனால் கருணையும் கொள்கையும் எதிரிகள் என்று வைத்துக்கொள்வதில்தான் பிழை இருக்கிறது. 1953இன் தீர்வையும், 1983இன் வேட்டி சேலையும், கைத்தறி நெசவாளர் வீடுகளுக்கு 2023இல் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டாக உயர்த்தப்பட்ட இலவச மின்சாரமும் எங்கிருந்து வந்தன? யாரோ சிலர் அடுத்தவர் கவலையைத் தங்கள் கவலையாக எடுத்துக்கொண்டு தொல்லை கொடுத்ததால் வந்தன. கூட்டுறவுச் சங்கம் என்பதே, தனித்தனியாக வட்டிக்காரர் முன் நின்றவர்கள் சேர்ந்து நிற்க முடிவெடுத்ததன் விளைவு. சங்கம் நன்றாக நடந்தால் வருடம் முழுக்க வேலையும் தீபாவளிக்குப் போனஸும் உண்டு. இயக்குநர்கள் சங்கத்தைச் சொந்தக் கடையாக நடத்தினால் அதே சங்கம் இன்னொரு கவலையாகிவிடும். தெருவில் இருக்கிற நல்ல மனசு சங்கத்தின் கணக்குப் புத்தகத்திலும் இருக்க வேண்டும்.

அப்படியானால் யார் என்ன செய்யலாம்?

அரசிடமிருந்து தொடங்கலாம். மீனவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மீன்பிடித் தடைக்கால நிவாரணம் கொடுக்கிறது. கடலுக்குப் போக முடியாத நாட்கள் உண்டு என்பதை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. தறியில் உட்கார முடியாத நாட்களும் உண்டு. குழித்தறிக் குடும்பங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைக்கென்று ஒரு மழைக்கால நிவாரணம் வேண்டும். குழியை மேடாக்கித் தறியை உயர்த்திக்கொள்ள உதவுவதும், பாவு காயவைக்கத் தெருவுக்கு ஒரு கூரைக்கொட்டகை போடுவதும் கஜானாவைக் காலி செய்யும் திட்டங்கள் இல்லை.

வியாபாரிகள் செய்ய வேண்டியது இதைவிட எளிது. சேலையைக் கையில் வாங்கிய அன்றே கூலியைக் கொடுத்துவிடுவது. ஒரு சின்னப் பழுதைக் காட்டிப் பாதிக் கூலியைப் பிடித்துக்கொள்ளாமல் இருப்பது. மழையால் ஒரு வாரம் தாமதமானால் அடுத்த பாவைக் கொடுக்காமல் அலையவிடாதிருப்பது. நெசவாளர் வீட்டில் ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பவற்றில் பாதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

சேலை எடுக்க வருகிறவர்களுக்கும் பங்கு உண்டு. வெளியூரிலிருந்து காரில் வந்து, மூன்று கடை ஏறி, கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வித்தியாசம் கேட்காமல் விலையை மட்டும் கேட்டு வாங்கிப் போகும் குடும்பங்கள் அநேகம். கூட்டுறவுச் சங்கக் கடையிலும் கோ-ஆப்டெக்ஸிலும் ஒருமுறை விலை பார்த்தால் ஒரு கைத்தறிப் பட்டு எவ்வளவு குறைவாக விற்க முடியும் என்பது புரிந்துவிடும். அதற்கும் வெகு கீழே ஒருவர் கொடுக்கிறார் என்றால், ஒன்று அது காஞ்சிப் பட்டாக இருக்காது, இல்லையென்றால் யாரோ ஒருவரின் கூலி அதில் குறைந்திருக்கும். பட்டுக்கு சில்க் மார்க் முத்திரை, காஞ்சிபுரம் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு, இரண்டையும் கேட்டு வாங்குவது வாடிக்கையாளரின் உரிமை. முடிந்தவர்கள் தைக் கல்யாணத்துச் சேலைக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால், விற்பனை மந்தமாகும் மார்கழியிலும் ஒரு தறி ஓடும்.

அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பது மரியாதையான பேச்சு. ஆனால் கஷ்டத்தில் இருப்பவர் வாய்விட்டுக் கேட்பது அபூர்வம். கேட்கக் கூச்சப்படுவதே அவருடைய பெரிய கஷ்டமாக இருக்கும். "அக்கா, இன்னிக்குப் பிள்ளைங்க எங்க வீட்டுல சாப்பிடட்டும், நீங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாங்க" என்று குறிப்பாகச் சொன்னால் மறுக்க மாட்டார்கள். காரப்பேட்டையில் அண்ணாவின் பெயரில் இயங்கும் அரசுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு வெளியூர்களிலிருந்து வரும் குடும்பங்களுக்கு இந்த ஊர்க்காரர்களின் துணை எவ்வளவு பெரியது என்பதை அங்கே ஒரு மணி நேரம் நின்றால் பார்க்கலாம். எந்த வரிசையில் நிற்பது, எந்தச் சீட்டை எங்கே கொடுப்பது என்று தெரிந்த ஒருவர் கூட நடந்தாலே வந்தவரின் முகம் மாறும்.

கவலை முற்றி, தூக்கமும் சாப்பாடும் போய், வாழ்வதில் பிடிப்பு விட்டுப்போகிறவர்களும் உண்டு. அங்கே அன்பான பேச்சு மட்டும் போதாது, மருத்துவம் வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. 1986இலிருந்து சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பும் இப்படிப்பட்டவர்களின் அழைப்புகளைக் கேட்டுவருகிறது. எண்ணைச் சொல்லிவிட்டுப் போகாமல், கூடவே உட்கார்ந்து போனைப் போட்டுக் கொடுப்பது இன்னும் நல்லது.

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீடிக்கும். அதற்குள் தறி நின்ற வீடு எது, கூலி பாக்கி நிற்கும் வீடு எது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தப் பார்க்கும் வீடு எது என்பது அந்தந்தத் தெருவுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தவர்கள் அந்த வீட்டுக் கதவை இந்த வாரமே தட்டுங்கள். கூலி பாக்கி வைத்திருப்பவர்கள் தீபாவளிக்கு முன்னால் அதைத் தீர்த்துவிடுங்கள்.